ஃபுல் சோக்குக்கு ஒரு சிபாரிசு

துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றின் ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். சிறு வேட்டைக்கும், ஆகாயத்தில் வீசும் மண்தட்டைச் சுடுவதற்கும் சோக்கையும் தோட்டாவையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கம் போதுமாம். செயலாளர் தம்பி போனில் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, இப்பல்லாம் அஞ்சு சோக் ஒரே டப்பால வருது. சாவி போட்டுத் திருகி மாத்திக்கலாம். எதை எப்ப மாட்டணும்னு மட்டும் நீங்க எழுதிக் குடுங்க" என்றார். எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தி ஒழுங்காகத்தான் போயிற்று. இரண்டாவது பத்தியிலேயே பேனா செஞ்சிப் பக்கம் திரும்பிவிட்டது. இதை அவர்கள் போட மாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மேல்சித்தாமூர் நயினார் வீட்டுப் பிள்ளை, தமிழ்ச் சமணன். பெயர் ஸ்ரீபாலன். எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு, வெங்காயம் எதுவும் உள்ளே வராது. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம், கண்ணுக்குத் தெரியாத புழு பூச்சி செத்துப் போகக் கூடாது என்பதற்காக. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு எழுந்துவிடுவோம், விளக்கில் விட்டில் விழும் என்று. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன் முப்பது வருஷம் செஞ்சியில் ஒரு துப்பாக்கிக் கடையில் உட்கார்ந்து, எந்தத் தோட்டாவுக்கு முயல் துடிக்காமல் சாகும் என்று ஊருக்கெல்லாம் ஆலோசனை சொன்னான். யாருக்காவது சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிக்கலாம். எனக்கே வரும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நைனாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. மணிலாக் காடு, வேர்க்கடலைதான், இரண்டு வருஷம் கைவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் முத்து முத்தான கையெழுத்து ஒன்றுதான். கடைக்கார ரகீம் பாய்க்கு லைசென்ஸ் ரிஜிஸ்டர் எழுத அப்படி ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. வேலைக்குப் போகிற அன்று அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"விக்கிறதே பாவந்தான். எனக்குத் தெரியும். ஆனா வூட்ல உல வெக்கணுமே. அத நான் ஏத்துக்கிறேன். உன் கையால ஒரு உயிரு போவக் கூடாதுடா. சத்தியம் பண்ணு" என்றாள்.

பண்ணினேன். விற்பவன் பாவத்தில் பாதியைத் தான் வாங்கிக்கொண்டு, மிச்சத்துக்கு எனக்கு விலக்கு வாங்கிக் கொடுத்த தாய் அவள்.

ரகீம் பாய் ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கடைக்கு யார் வந்தாலும், பண்ணையாராக இருந்தாலும் சரி, கரும்புக் கொல்லைக்குக் காவல் லைசென்ஸ் வாங்கியவராக இருந்தாலும் சரி, மூன்றே மூன்று கேள்வி கேட்பார்.

"இன்னாத்த சுடப் போற? எவ்ளோ தூரத்துல சுடுவ? பக்கத்துல யாரு நிப்பாங்க?"

முதல் கேள்விக்கு எல்லாரும் பதில் சொல்வார்கள். இரண்டாவதில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். மூன்றாவதற்கு, "அதெல்லாம் பாத்துக்கலாம் பாய்" என்று எவன் சொன்னானோ அவனுக்கு அன்று தோட்டா கிடையாது. சரக்கு இல்லை என்று சொல்லிவிடுவார். அவர் தலைக்குப் பின்னால் அலமாரி நிறைய சரக்கு இருக்கும்.

சோக் என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. தோட்டாவிலிருந்து ஈய உருண்டைகளைச் சிதற விடும் ரவைத் துப்பாக்கியின் குழல், வாய்ப் பக்கம் ஓர் அட்டையின் தடிமனுக்கு ஒடுங்கியிருக்கும். அவ்வளவுதான். செடிக்குத் தண்ணீர் விடும் குழாயின் முனையை விரலால் அழுத்தினால் தண்ணீர் சிதறாமல் தூரம் போகிறதல்லவா, அதே சங்கதி. வாய் ஒடுங்கினால் ரவை கூட்டமாகப் போகும், எட்டத்தில் இருப்பதைச் சுடலாம். ஒடுக்கமே இல்லாமல் நேராக இருந்தால் ரவை சீக்கிரம் விரியும், கிட்டத்தில் பறப்பதைச் சுடலாம். ஃபுல் சோக் என்றால் நல்ல ஒடுக்கம். அதற்குக் கீழே பாதி, கால். ஒடுக்கமே இல்லாததற்கு சிலிண்டர் என்று பெயர். அந்தக் காலத்தில் இதைத் திருகி மாட்ட முடியாது. குழலோடு பிறந்தது. அரம் போட்டுத் தேய்த்து வாயை அகலமாக்கலாம், திரும்ப ஒடுக்க முடியாது.

ரவைக்கு நம்பர் உண்டு. நம்பர் கூடக் கூட ரவை பொடியாகும். இது எந்தக் குடியானவருக்கும் முதல் தடவையில் மண்டையில் ஏறியதில்லை. காடைக்கு எட்டு, ஒன்பது. கௌதாரிக்கும் புறாவுக்கும் ஆறு, ஏழு. முயலுக்கு நாலு, ஐந்து. மண்தட்டுக்கு எட்டு. தொண்டூரிலிருந்து ஒருவர் வந்து, "நாலு எதுக்குப் பாய், முயலு நல்லாப் பெரிசா இருக்குது, பத்தாம் நம்பரே குடு" என்று அடம் பிடித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் ஊரிலிருந்தும் ஒருவர் வந்தார். எனக்குப் பெரியப்பா முறை. மணிலாக் கொல்லையில் பன்றித் தொல்லை என்று லைசென்ஸ் வாங்கிவிட்டார், தோட்டா வாங்க மனசு வரவில்லை. கடை வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாயிடம் மெதுவாகக் கேட்டார். "சத்தம் மட்டும் வர்ற மாதிரி இருக்குமா?" பாய் சிரிக்கவில்லை. ஒரு தோட்டாவைப் பிரித்து, ரவையைக் கொட்டிவிட்டு, தக்கையை மட்டும் திணித்து மூடிக் கொடுத்தார். அதிலிருந்து மேல்சித்தாமூர்ப் பக்கம் போகிற தோட்டாவெல்லாம் ரவை இல்லாத தோட்டாதான். கொட்டின ரவை ஒரு டப்பாவில் சேர்ந்தது. அதை வைத்து பாய் தொண்டூருக்குத் தோட்டா அடைத்தார். தர்மம் ஒரு பக்கம் தள்ளினால் இன்னொரு பக்கம் போய்ச் சேர்ந்துவிடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வேலை பழகியது ஒரு வருஷம். அதில் முக்கால்வாசி ஓட்டை எண்ணியதுதான். பழுதுபார்க்க வருகிற ஒவ்வொரு துப்பாக்கியையும் பாய் ஏரிக்கரைக்குக் கொண்டுபோவார். கரையில் இரண்டு கழி நட்டு வெள்ளை வேட்டியைக் கட்டி, கரியால் முப்பது அங்குல வட்டம் போடுவோம். நாற்பது கெஜம் அளந்து நின்று சுடுவார். நான் போய் வட்டத்துக்குள் விழுந்த ஓட்டைகளை எண்ணி நோட்டில் எழுதுவேன். ஏன் ஏரிக்கரை என்றால், ஈய ரவை பாறையில் பட்டால் திரும்பி வரும். செஞ்சியில் பாறை இல்லாத திசை வேண்டும் என்றால் வானத்தைப் பார்த்துத்தான் சுட வேண்டும். மண் கரை ஒன்றுதான் பத்திரம்.

ஒருநாள் எண்ணி முடித்ததும் பாய் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார்.

"வேணாம் பாய். சத்தியம்."

"எது மேல சத்தியம்? உயிரு மேலதான? மண்ணாங்கட்டிக்கு ஏது உயிரு? நான் தூக்கிப் போடறேன், நீ சுடு."

சுட்டேன். பொய் சொல்வானேன், பிடித்துப் போயிற்று. சாம்பலும் ஏரி வண்டலும் பிசைந்து சின்னச் சின்னத் தட்டாகத் தட்டி நாலு நாள் காயவைப்பேன். பாய் வீசுவார். எட்டாம் நம்பர் பட்டதும் தட்டு புகையாகப் போகும். ஒரு வருஷத்தில் பத்துக்கு ஒன்பது விழ ஆரம்பித்தது. அம்மாவிடம் சொன்னபோது, "மண்ணுதான? போவட்டும்" என்றாள். சுற்று வட்டாரத்தில் என்னைப் போலச் சுட ஆள் இல்லை என்று எனக்குள் ஒரு திமிர் வந்திருந்தது. கறி தின்கிறவர்களெல்லாம் தவறவிட, சுரைக்காய் தின்கிறவன் தவறவிடவில்லை. அந்தத் திமிரை இங்கேயே சொல்லிவைக்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

இப்போது ஆபீசர் விஷயம். அவர் எந்த இலாகா, என்ன பெயர் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. கடை லைசென்ஸ் வருஷா வருஷம் புதுப்பிக்கப்படும்போது சிபாரிசுக் கையெழுத்து அவருடையது. அது போதும். சீமைக்கே திரும்பிப் போகிற ஏதோ தோட்டத் துரையிடமிருந்து அருமையான இரட்டைக் குழல் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். இரண்டு குழலும் ஃபுல் சோக். எட்டத்துக் குறிக்கென்றே செய்த துப்பாக்கி. இவரோ காலடியிலிருந்து கிளம்பும் காடையைச் சுடுவார். ஒன்று, காடை பறந்துபோகும். இல்லாவிட்டால் இறகு மட்டும் மிஞ்சும். திங்கட்கிழமை ஆனால் கடைக்கு வந்து, "என்னய்யா தோட்டா விக்கறீங்க?" என்பார்.

இந்தப் பேச்சு எனக்கு ஆகாது. சீனாவோடு சண்டை வந்த பிறகு வெளிநாட்டுச் சரக்கு வருவது குறைந்துவிட்டது. கிடைத்ததெல்லாம் காகித உறைத் தோட்டா. மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும். அதற்காகத் தகர டின்னில், துணியில் முடிந்த சுண்ணாம்புக் கல்லோடு வைத்திருப்போம். விற்பதற்கு முன்பு ஒவ்வொரு தோட்டாவையும் ஒரு பித்தளை வளையத்தில் விட்டுப் பார்ப்பேன். வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினால்தான் சரக்கு. சிக்கினால் தள்ளிவைத்துவிடுவேன். ஆக, ஆபீசர் திட்டியது தோட்டாவை இல்லை, என் வளையத்தை.

ஐப்பசி தொடங்கும் சமயம். மெட்ராஸிலிருந்து ஒரு பெரியவர் கோட்டை பார்க்க வருவதாக இருந்தது. ஆபீசரின் பிரமோஷன் அந்தப் பெரியவர் கையில். பெரியவருக்குத் துப்பாக்கி சுடுவதில் பிரியமாம். உடனே ஆபீசர் ஓர் இங்கிலீஷ் பத்திரிகைப் படத்தைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் விரித்தார். துரைகள் மண்தட்டு சுடுகிற படம். "இதே மாதிரி ஏரிக்கரைல வெக்கறோம். தட்டு நீங்க ஏற்பாடு பண்றீங்க. உங்க ரினியூவல் பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு" என்றார். கடைசி வாக்கியத்தைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

பாய்க்கு நாலு பெண்கள். இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆக வேண்டும். துப்பாக்கியைத் தவிர வேறு தொழில் தெரியாது. அந்தக் காகிதத்தில் கையெழுத்து விழாவிட்டால் கடைக்குப் பூட்டுதான். எனக்கும் அதே கதி.

நான் சாம்பல் தட்டைப் பற்றிச் சொன்னேன். ஆபீசருக்குப் பிடிக்கவில்லை. வரட்டி மாதிரி இருக்கிறது என்றார். அழகாக, சுட்ட தட்டாக வேண்டும். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசைக் கூட்டத்துக்கு அகலும் சட்டியும் செய்து விற்கிற குயவர் முனுசாமியிடம் போனேன். இருநூறு தட்டு வேண்டும் என்றேன்.

"இன்னாத்துக்கு நயினாரே?"

"தூக்கி வீசுவாங்க. பட்டதும் உடையணும்."

"உடையறதுக்கா? யாரு வாங்கறது?"

"ஆபீசரு."

"அவரு வூட்ல எதுனா சண்டையா?"

விவரமாகச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மெலிதாகத் தட்டணும், அரைச் சூட்டில் எடுக்கணும் என்று மூன்று தடவை சொன்னேன். "சரி சரி" என்றார். ஆனால் முப்பது வருஷம் தட்டிய கை. உடைந்தால் அங்காளம்மன் கூட்டத்தில் யார் முகத்தில் விழிப்பது என்று பயந்தே வாழ்ந்த மனிதர். ஆபீசருக்கு என்றதும் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். வந்த தட்டைச் சுண்டிப் பார்த்தேன். கோயில் மணி போலக் கணீர் என்றது. இது எங்கே உடையும்?

ஒத்திகை அன்று ஆபீசரின் சேவகன் டவாலி வீச, ஆபீசர் சுட்டார். தட்டு ஆகாயத்தில் 'டிங்' என்று சத்தம் போட்டுவிட்டு, முழுசாக வந்து கரையில் இறங்கியது. ஒன்று, இரண்டு, இருபது. ஒன்றுகூட உடையவில்லை. நான் போய்ப் பொறுக்கிப் பார்த்தால் பன்னிரண்டு தட்டில் ஈயத் தடம். மனுஷன் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சுட்டிருக்கிறார்! காட்டினேன். ஒரு நிமிஷம் முகம் மலர்ந்தது. பிறகு, "வர்றவரு தடத்தைத் தேடிட்டு இருப்பாராய்யா? உடையணும்" என்றார். கரையில் நின்ற முனுசாமிக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, ஒரு கீறல் வுளல" என்று என் காதில் சொன்னார்.

கடைசியில் என் வரட்டிக்கே வந்து சேர்ந்தது. நானும் பாயும் நூற்றைம்பது சாம்பல் தட்டு தட்டிக் கொட்டகையில் காயவைத்தோம். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொட்டகை ஒழுகியது. காலையில் போய்ப் பார்த்தால் நூற்றைம்பது தட்டும் ஒரே களியாகக் கிடந்தது.

ஆபீசர் அதைப் பூட்ஸ் முனையால் ஒருதரம் கிளறினார். பிறகு தலையைத் தூக்கிக் கோட்டையைப் பார்த்தார். களஞ்சியத்து மதில் மேல் மாடப்புறாக்கள் ஈரச் சிறகை உலர்த்திக்கொண்டிருந்தன.

"அதைப் பிடிங்க. பன்னண்டு கூடைல அடைச்சு ஒவ்வொண்ணா திறந்து விடுங்க. உசுரோட பறக்கறதச் சுட்டா இன்னும் ஜோர்" என்றார்.

பறவை பிடிக்கிற ஆளைக் கூப்பிட்டு வலை போட்டார்கள். அன்று மத்தியானம் பாய் என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"நயினாரே, கூடைலேர்ந்து கிளம்பற புறாவ பதினஞ்சு கெஜத்துல சுடணும். அவரு துப்பாக்கி ரெண்டு பக்கமும் ஃபுல்லு. அந்தத் தூரத்துல ரவை சோத்துத் தட்டு அகலங்கூட விரியாது. ஒண்ணும் வுளாது. நம்ம கடை சிலிண்டர் துப்பாக்கிய எடுத்துட்டுப் போ. மொறம் அகலத்துக்கு விரியும். பாதியாவது வுளும். அவருக்கும் மானம் மிஞ்சும், நமக்கும் கையெழுத்து மிஞ்சும். பக்குவமா எடுத்துச் சொல்லு."

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, தோட்டாப் பெட்டியோடு ஆபீசர் பங்களாவுக்கு நடந்தேன். வழியெல்லாம் பாதி புறா, பாதி புறா என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பாதி என்றால் ஆறு. சுடப் போவது நான் இல்லை, சரி. ஆனால் எந்தக் குழலில் சாகும், எதில் சாகாது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான் அந்தப் பங்களாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆபீசர் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். கடைத் துப்பாக்கியைப் பார்த்ததும், "இது எதுக்கு?" என்றார்.

"பாய் குடுத்தனுப்பினாரு சார். நாளைக்கு வேணும்னா இதுல சுடலாம்னு."

"என்னுதை விட ஒசத்தியா?"

"உங்களுது ஃபுல் சோக் சார். ரெண்டு குழலும். இது சோக்கே இல்லாதது."

"அப்போ எது தூரம் போகும்?"

"உங்களுதுதான் சார்."

"எது ரவை கலையாம போகும்?"

"உங்களுதுதான் சார்."

"அப்புறம் என்ன மயித்துக்கு இதைத் தூக்கிட்டு வந்த?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சொன்னதில் ஒரு சொல் பொய் கிடையாது. வேண்டுமானால் இப்போதும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். தூரத்தைப் பற்றிக் கேட்டார், தூரத்தைப் பற்றிச் சொன்னேன். எந்தத் தூரத்தில் சுடப் போகிறீர்கள் என்று பாய் தினமும் கேட்கிற கேள்வியை நான் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

தோட்டாவிலும் கவனமாக இருந்தேன். பொடி ரவை கொடுத்தால் ஓரத்து ரவை ஒன்றிரண்டு பட்டு, புறா காயத்தோடு பறந்துபோய்ப் புதரில் மூன்று நாள் கிடந்து சாகும். அது பெரிய பாவம். ஆறாம் நம்பரில் நல்ல புதுச் சரக்காக, வளையத்தில் வழுக்கிப் போனதாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தேன். ஃபுல் சோக், பதினைந்து கெஜம், ஆறாம் நம்பர். பட்டால் முழுசாகப் படும், இல்லாவிட்டால் தொடாமல் போகும். இவர் கைக்குத் தொடாமல்தான் போகும். திரும்பி வந்து பாயிடம், "அவரு துப்பாக்கிதான் வேணுமாம்" என்றேன். பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ம்" என்றார்.

மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. ஏரிக்கரையில் நாற்காலி, சோடா, தோரணம் எல்லாம் போட்டிருந்தார்கள். பெரியவர் வெயிலுக்குக் குடை பிடிக்கச் சொல்லி உட்கார்ந்தார். பதினைந்து கெஜத்தில் பன்னிரண்டு கூடை வரிசை. ஒவ்வொரு மூடியிலும் கயிறு. டவாலி கயிற்றை இழுத்தான்.

முதல் புறா படபடவென்று கிளம்பியது. இரண்டு வெடி. புறா ராஜகிரி மலைப் பக்கம் போய்விட்டது. இரண்டாவது, இரண்டு வெடி. அதுவும் போனது. ஐந்தாவதில் பெரியவர் சோடா கேட்டார். எட்டாவதில் கொட்டாவி விட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒவ்வொன்றும் போகப் போகப் பண்டிகை. பதினோராவதும் போனது. மனசுக்குள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாவம் செய்கிற கடையில் உட்கார்ந்துகொண்டே பதினோரு உயிரைக் காப்பாற்றிய ஒரே நயினார் நான்தான் என்று தோன்றியது.

ஆபீசர் துப்பாக்கியை மடக்கினார். முகம் செக்கச் செவேல் என்று இருந்தது. பெரியவர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் என்னவோ சொன்னார். பிறகு பாயிடம் வந்தார்.

"ஈரத் தோட்டா. மழைல ஊறின சரக்கை என் தலைல கட்டியிருக்க. இருபத்திரெண்டு தோட்டா, ஒரு இறகு விழல. நீயெல்லாம் கடை நடத்தணுமா? உன் பேப்பர் இந்த ஜென்மத்துல நகராது."

"சரக்கு நல்ல சரக்கு சார்" என்றார் பாய். குரல் உயரவில்லை. கை மட்டும் கண்ணாடி நூலைப் பிடித்திருந்தது. "துப்பாக்கிதான் இந்தத் தூரத்துக்கு..."

"உன் ஆளுதானய்யா ஃபுல் சோக்கே ஒசத்தின்னு சொன்னான்!"

பாய் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஓட்டை எண்ணின நோட்டைச் சரிபார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

குடைக்குக் கீழிருந்து பெரியவர் வாயைத் திறந்தார். "இதுல என்ன தகராறு? இன்னும் ஒரு கூடை இருக்கே. அதே துப்பாக்கி, அதே தோட்டா. கடைக்காரங்க சுடட்டும். விழுந்தா சரக்கு நல்லது. விழலைன்னா ஆபீசர் சொல்றது சரி."

"நீயே சுடு. நீதான ஃபுல் சோக்குக்கு சிபாரிசு பண்ண?" என்று ஆபீசர் துப்பாக்கியை என் நெஞ்சில் இடித்துக் கொடுத்தார்.

"சார், முனுசாமி தட்டு ஒண்ணு வீசச் சொல்லுங்க. இந்தத் தோட்டால அதையே ஒடச்சுக் காட்டறேன்."

"மண்ணு வேணாம். புறா."

பாயைப் பார்த்தேன். அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கிய காலம் அது, பறப்பதைச் சுட முடியாது. சுடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாலு பெண்களைப் பெற்ற மனிதர், ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு தோட்டாவை எடுத்துக் குழலில் போட்டேன். வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. நல்ல சரக்கு. கயிற்றை இழுத்தான். புறா கிளம்பியது. துப்பாக்கி தானாகத் தோளுக்கு வந்து, குழல் முனை புறாவின் பின்னால் ஓடியது. பதினைந்து கெஜம். நான் சுடவில்லை. இருபது. இருபத்தைந்து. பின்னால் யாரோ, "பயந்துட்டான்டா" என்றார்கள். முப்பது. புறா நேர்க்கோட்டில் நீரின் மேலே போய்க்கொண்டிருந்தது. அதற்கு அப்புறம் சுட்டேன். ஒரே தோட்டா. புறா துடிக்கவில்லை. மடங்கி ஏரியில் விழுந்தது.

எல்லாரும் கை தட்டினார்கள். பெரியவர் எழுந்து நின்று தட்டினார். "சரக்கு நல்லதுதான்" என்று ஆபீசரிடம் சொல்லிவிட்டு, "அந்த ஆளுக்கு ஒரு சோடா குடுங்க" என்றார். அன்று மத்தியானமே காகிதத்தில் கையெழுத்து விழுந்தது. ஆபீசருக்கு அடுத்த வருஷம் பிரமோஷனும் வந்தது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

டவாலி தண்ணீரில் இறங்கிப் புறாவை எடுத்துவந்தான். சுட்டவனுக்குத்தான் பறவை என்பது வேட்டைக்காரர்கள் வழக்கம். என் கையில் கொடுத்தான். சூடாக இருந்தது. கரையில் குழி தோண்டிப் புதைத்தேன். பாய் மண் தள்ள உதவினார். கடைக்கு நடந்தோம்.

"நாப்பதுல சுட்ட" என்றார் பாய்.

"ஆமா பாய்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்தவரைக்கும் ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்கு முன்னால் வீட்டுக்குப் போனேன். அம்மா தட்டு போட்டாள். நான் உட்காரவில்லை. சொன்னேன். பதினோரு புறாவைக் காப்பாற்றியதையும் சொன்னேன், பாயின் பெண்களைப் பற்றியும் சொன்னேன். அம்மா பதினொன்றைக் காதில் வாங்கவே இல்லை.

"உடனே சுட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லமா. தப்பிச்சுப் போவட்டும்னு வுட்டுட்டு நின்னேன். ரொம்ப தூரம் போற வரிக்கும் நின்னேன். அப்புறம் வேற வழியில்லாமதான் சுட்டேன்."

அம்மா அழுதாள். அழுதுகொண்டே என் தலையைத் தடவினாள். "மனசறிஞ்சு செய்யல. நின்னியே, அது போதும்டா" என்றாள். மூன்று நாள் எனக்காக உபவாசம் இருந்தாள். சாகிற வரைக்கும் சொந்தக்காரர்கள் யார் என் தொழிலைப் பற்றி ஏதாவது சொன்னாலும், எம்புள்ள அன்னிக்கு அது தப்பிக்கணும்னு நின்னான் என்று சண்டைக்குப் போவாள்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். பாயும் இல்லை. இனி சொன்னால் யாருக்கும் வலிக்காது. தப்பித்துப் போகட்டும் என்று நினைத்திருந்தால் பதினைந்து கெஜத்திலேயே சுட்டிருக்க வேண்டும். அங்கே ரவை விரிந்திருக்காது, எனக்கே தவறியிருக்கும், புறா போயிருக்கும். இது எனக்கு அப்போதே, துப்பாக்கி தோளில் இருக்கும்போதே தெரியும். கடையைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேனா, பாயின் பெண்களை நினைத்தேனா என்றால், அந்த இரண்டு மூன்று விநாடியில் அவர்கள் யாரும் என் கண்ணில் இல்லை. புறாவும் தூரமும் மட்டும்தான் இருந்தன. ஃபுல் சோக்குக்கு நாற்பது கெஜம்தான் சரியான தூரம். அது வரட்டும் என்றுதான் காத்திருந்தேன்.